ஒரே கல்லை வைத்துத் தராசைச் சோதித்தவள்

ஜூன் மாதம் காவேரிப்பட்டணத்தில் இறங்கினால் ஊரே மாம்பழ வாடை. வாசனை என்று சொல்வது முதல் இரண்டு நாளைக்குத்தான், அப்புறம் அது வாடை. பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றிய டெம்போக்கள் மண்டிக்கும் கூழ் ஃபேக்டரிக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும். கீழே விழுந்து நசுங்கிய காய் ரோட்டோரம் புளித்துக் கிடக்கும், ஈ மொய்க்கும். அப்பாவுக்கு இதுதான் சீசன். அவர் மாங்காய் வியாபாரி இல்லை, தராசு ரிப்பேர் செய்கிறவர்.

நான் வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, இந்தச் சீசனில் பத்து நாள் லீவு போட்டு வருவேன். எதிர்வீட்டு அக்கா ஒவ்வொரு தடவையும் கேட்பார், "அங்க என்ன வேலைம்மா பாக்கற?" "எக்ஸ்-ரேங்க்கா." "ஓ, ஸ்கேன் சென்டரா?" முதல் இரண்டு வருஷம் விளக்கிப் பார்த்தேன். இப்போதெல்லாம் "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். ஒருவேளை "அப்பா பாக்கற அதே வேலைதாங்க்கா" என்று சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. சுவரில் தட்டில்லாத பழைய கைத்தராசுகள் தொங்கும். அலமாரியில் எடையை உணரும் லோட் செல்கள், ஒயர் அறுந்த டிஸ்ப்ளே பெட்டிகள். வாசலை ஒட்டி 20 கிலோ இரும்புக் கற்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கல்லிலும் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தின் மேல் அரசு முத்திரை. எடை கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் அந்த ஈயத்தில்தான் சரிசெய்வார்கள். சின்ன வயதில் அதில் சுண்டுவிரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது 2004இல். அதற்கு முன்னால் அடித்த முத்திரை உள்ள கற்களை அப்பா இன்னும் "தருமபுரிக் கல்லு" என்றுதான் சொல்வார்.

எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். நம் மாநிலத்தில் அது தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. முத்திரை ஆய்வாளர் வரும் தேதி நெருங்கினால் மண்டிக்காரர்கள், மளிகைக்காரர்கள், பழைய இரும்புக்காரர் எல்லோரும் தராசைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் வருவார்கள். பள்ளி லீவில் அவருக்குக் கல் தூக்கிக் கொடுக்கும் ஆள் நான்தான்.

பிளாட்பார்ம் தராசை அவர் சோதிக்கும் முறை எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். முதலில் வெறும் தட்டு, பூஜ்யம் காட்டுகிறதா என்று. அப்புறம் சின்னக் கல். அப்புறம் பாதி எடை, முழு எடை. பிறகு ஒரு 20 கிலோ கல்லை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி. கடைசியில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு மறுபடி பூஜ்யம். "நடுவுல வெச்சப்பவே சரியா காட்டுச்சேப்பா" என்பேன். "கூடையை எவன் நடுவுல பாத்து வெக்கிறான்?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது, அடுத்த கல்லைத் தூக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் பத்து வயதிலேயே பார்த்து வளர்ந்தவள், போன வருஷம் ஆய்வகத்தில் செய்த காரியத்தைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் லேசரின் ஒரு ஷாட்டில் சுமார் 10 ஜூல் இருக்கும். ஒரு கிராம் தண்ணீரை இரண்டரை டிகிரிகூட அது சூடாக்காது. ஆனால் அத்தனையும் சில நானோ நொடிக்குள், தலைமுடி கனமுள்ள ஒரு புள்ளியில் போய் விழும்போது, அந்த இடத்து உலோகம் உருகிக்கொண்டெல்லாம் இருக்காது. நேராகப் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிய்ந்துபோன வாயு, ஆகிவிடும். பல லட்சம் டிகிரியில் அது மென் எக்ஸ் கதிராக மின்னும். அந்த மின்னலை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து எண்ணுவது என் வேலை. இதனால் யாருக்கு என்ன என்று கேட்டால் இரண்டு பதில் கைவசம் உண்டு. புதிய உயர்ரக போன்களின் சில்லுகளில் கோடு போடுவது 13.5 நானோமீட்டர் ஒளி, அது வெள்ளீயத் துளியை லேசரால் அடித்து எடுக்கும் ஒளி. இன்னொன்று, 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசரை உள்ளே விட்டு 3.15 மெகாஜூல் அணுக்கரு இணைவு ஆற்றலை எடுத்தார்களே, அங்கேயும் லேசர் எரிபொருள் உருண்டையை நேரடியாக அடிக்கவில்லை. சுற்றியிருக்கும் சின்ன உலோகக் குப்பியை அடித்து, அது தரும் எக்ஸ் கதிர்தான் உருண்டையை நசுக்கியது. ஆக, லேசரில் எத்தனை பங்கு எக்ஸ் கதிராக மாறியது என்ற கணக்கு எல்லோருக்கும் வேண்டும். அதற்கு, ஒளியைப் பிரித்து எண்ணும் கருவியான நிறமாலைமானி பொய் சொல்லாமல் இருக்க வேண்டும்.

எங்கள் கருவியில் இருப்பது மில்லிமீட்டருக்கு 2400 கோடு கீறிய, தங்கம் பூசிய ஒரு கீற்றணி, ஒளியை அலைநீளவாரியாகப் பிரிப்பது அதுதான். அதன் மேல் ஒளி ஒன்றரை டிகிரிக்கும் குறைவான சாய்வில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நேராக விட்டால் எக்ஸ் கதிர் உள்ளே இறங்கிக் காணாமல் போய்விடும். கேஆர்பி அணைத் தண்ணீரில் ஓட்டாஞ்சில்லு எறிந்தவர்களுக்கு இது புரியும். தாழ்வாக எறிந்தால்தான் தத்தித் தத்திப் போகும், உயரத்திலிருந்து போட்டால் 'குளுக்'. 1925இல் காம்ப்டனும் டோனும் இந்த வழுக்கலை வைத்துத்தான் கீறிய அணியால் எக்ஸ் கதிரின் அலைநீளத்தை அளந்தார்கள். எல்லாமே வெற்றிடத்துக்குள் நடக்க வேண்டும். 1000 எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) எக்ஸ் கதிர் நம் சாதாரணக் காற்றில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பங்கு செத்துவிடும். கடைசியில் ஒரு சிசிடி கேமரா, திரவ நைட்ரஜனால் மைனஸ் 110 டிகிரிக்குக் குளிர்வித்தது. அந்தக் குளிர்தான் வில்லன், ஆனால் அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

கருவியைத் திட்டப்படுத்துவதில், அதாவது அது காட்டுவது சரியா என்று சோதிப்பதில், இரண்டு கேள்வி. கேமராவின் எந்த இடம் எந்த அலைநீளம் என்பது ஒன்று. அங்கே விழுந்த வெளிச்சம் உண்மையில் எவ்வளவு என்பது மற்றொன்று.

முதல் கேள்வி சுலபம், அதோடு அழகும்கூட. பிளாஸ்மாவே தன் அளவுகோலை எழுதிக் காட்டும். கிராஃபைட்டை அடித்தால் ஐந்து எலக்ட்ரானை இழந்து, ஹைட்ரஜன் மாதிரி ஒரே எலக்ட்ரானோடு நிற்கும் கார்பன் ஒரு கோடு தரும். அதன் இடத்தைத் தாளிலேயே கணக்குப் போடலாம். ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா என்ற கோடு 121.6 நானோமீட்டர், கார்பனின் அணு எண் 6, ஆறின் வர்க்கம் 36, வகுத்தால் 3.38. அளந்தால் 3.37. போரான் நைட்ரைடை அடித்து 49ஆல் வகுத்தால் நைட்ரஜன் கோடு, 2.48. முதல் தடவை இந்தக் கணக்கு திரையில் வந்து உட்கார்ந்தபோது நான் தனியாகச் சிரித்தேன். இரண்டாம் வரிசைக் கோடுகள்தான் கொஞ்சம் ஏமாற்றும், 0.84இல் இருப்பது 1.68இலும் நிழல் காட்டும். ஒரு தடவை ஏமாந்தால் அப்புறம் பழகிவிடும்.

இரண்டாவது கேள்விதான் படுத்தும். அதற்குத் தராசுக்காரரின் வழியைத் தவிர வேறு வழி இல்லை, எடை தெரிந்த கல் வேண்டும். ஒரு சின்ன எக்ஸ் கதிர் மூலம் வைத்திருக்கிறோம். எலக்ட்ரான் கற்றையால் ஒரு துண்டை அடித்தால் அதிலுள்ள தனிமத்துக்கே உரிய கோடு வரும். கார்பன் 277 எலக்ட்ரான் வோல்ட், ஆக்சிஜன் 525, இரும்பு 705, மெக்னீசியம் 1254, அலுமினியம் 1487. ஐந்து கல். அந்த ஒளியை முதலில் ஒரு சிலிக்கான் டயோடில் விட்டு எண்ணுவோம், பிறகு நிறமாலைமானியில் விடுவோம். டயோடு சரியா என்று எப்படித் தெரியும்? அதைச் சிங்க்ரோட்ரான் ஒளியில், அதாவது வளையத்தில் வேகமாகச் சுற்றும் எலக்ட்ரான்கள் தரும் ஒளியில், வைத்துச் சோதித்திருக்க வேண்டும். அந்த ஒளிக்கு நம் நாட்டில் இந்தூரின் இண்டஸ் வளையங்கள் இருக்கின்றன, வெளியே பெர்லின் மாதிரி இடங்கள். அப்பாவின் கல்லை ஆய்வாளரின் கல்லோடும், அவர் கல்லை அதற்கு மேலே உள்ள கல்லோடும் ஒப்பிட்டுக்கொண்டே போவது போலத்தான்.

கேமராவுக்கு மட்டும் தனியாக ஒரு கல் உண்டு. இரும்பு-55 என்ற கதிரியக்கத் துண்டு. அதிலிருந்து வரும் எக்ஸ் கதிர் போட்டான்களில், அதாவது ஒளித்துகள்களில், பெரும்பாலானவை 5900 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானில் விழுந்தால் சுமார் 1600 எலக்ட்ரான்களைக் கிளப்பும். கறுப்புத் திரையில் ஒரு போட்டானுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. 2.7 வருஷத்தில் துண்டின் வீரியம் பாதியாகிவிடும். அதாவது கற்களின் எண்ணிக்கை குறையுமே தவிர, ஒரு கல்லின் எடை ஒருநாளும் குறையாது. இப்படி ஒரு படிக்கல் கிடைக்கும் என்று சொன்னால் எந்தத் தராசுக்காரருக்கும் எச்சில் ஊறும்.

இனி நான் செய்தது. ஜனவரியில் ஐந்து கல்லையும் வைத்து ஒழுங்காகச் சோதித்தேன். அதற்கப்புறம் திங்கட்கிழமைதோறும் ஒரு சரிபார்ப்பு. துண்டை மாற்ற வேண்டுமானால் எக்ஸ் கதிர் மூலத்தைத் திறந்து, மாற்றி, மறுபடி பம்ப் போட்டு, அரை நாள் போய்விடும். அலுமினியத் துண்டு ஏற்கெனவே உள்ளே இருந்தது. பிரகாசமான கோடு, நடுங்காது, பத்து நிமிஷத்தில் வேலை முடியும். எனவே அலுமினியம் மட்டும். பதினோரு திங்கட்கிழமை. பதினோரு தடவையும் சரி. நோட்டில் பச்சை மையில் டிக் அடித்து வைத்திருக்கிறேன், இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

அதே வாரங்களில் இரும்பை லேசரால் அடித்தால் வரும் எக்ஸ் கதிர் மட்டும் வாராவாரம் இறங்கிக்கொண்டே வந்தது. நிறமாலைமானிதான் 'சரி'யாக இருக்கிறதே, அதனால் பழி லேசரின் தலையில் விழுந்தது. லென்ஸைத் துடைத்தோம். ஆற்றல்மானியை மாற்றினோம். இரும்புத் தகடுகளைப் புதிதாகப் பாலிஷ் போட்டோம். குவியம் நகர்ந்துவிட்டது என்று நான் சொல்ல, லேசரைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் இல்லை என்று சொல்ல, இரண்டு வாரம் நாங்கள் டீக்கடைக்குத் தனித்தனியாகப் போனோம்.

ஏப்ரலில் எக்ஸ் கதிர் மூலத்தின் இழை எரிந்துபோனது. எப்படியும் திறந்தாக வேண்டும். திறந்ததுதான் திறந்தோம் என்று ஐந்து துண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். அலுமினியம் நூற்றுக்கு ஐந்து போலக் குறைவு, எங்கள் பிழை எல்லைக்குள்தான். மெக்னீசியமும் பெரிதாக இல்லை. கார்பன் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது. இரும்பு மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜன் கிட்டத்தட்ட அசையவே இல்லை.

அந்த ஐந்து எண்களை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கேமராவின் மேல் ஏதோ படிந்திருக்கிறது, அது மட்டும் தெளிவு. பம்ப் எண்ணெயா? எண்ணெய் என்றால் அதில் கார்பன். கார்பனின் உறிஞ்சல் விளிம்பு, அதாவது கதிரை அது திடீரென்று நிறைய விழுங்க ஆரம்பிக்கும் ஆற்றல், 284 எலக்ட்ரான் வோல்ட். அதைத் தாண்டிய ஆற்றல்களில் ஆக்சிஜன் கோடுதான் அதற்கு முதலில் அகப்படும், அதுதான் அதிகம் அடிபட்டிருக்க வேண்டும். அடிபட்டது இரும்பு. 525ஐச் சும்மா விட்டுவிட்டு 705ஐ விழுங்குகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு சுவர் இருக்கிறது. 543இல் இருக்கிறது, ஆக்சிஜனின் விளிம்பு. எந்தத் தனிமமும் தான் உமிழும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் தன் சுவரைக் கட்டியிருக்கும், அதனால் தன் வீட்டுப் பிள்ளையைத் தடுக்காது. ஆக்சிஜன் கோடு ஆக்சிஜன் படலத்தை அலுங்காமல் கடந்து வந்திருக்கிறது. மைனஸ் 110 டிகிரி கேமராவின் மேல் ஆக்சிஜன் படலம் என்றால் அது வேறென்ன, தண்ணீர். பனிக்கட்டி. ஹென்கே, கலிக்சன், டேவிஸ் மூவரும் 1993இல் போட்ட உறிஞ்சல் அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். அரை மைக்ரான்கூட இல்லை.

எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இலக்குத் தகடு மாற்ற அறையைத் திறக்கும்போது அறைக்கும் கேமராவுக்கும் இடையிலான நடு வால்வை மூடி, கேமராவைக் குளிரிலேயே விட்டுவிடுவேன். தகடு மாற்றிப் பம்ப் போட்டால், சுவரில் ஒட்டிய ஈரம் முழுக்கப் போய் அழுத்தம் இறங்க மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை காத்திருந்தால் கடைசி பஸ் போய்விடும். எனவே எண் ஓரளவு இறங்கியதும் வால்வைத் திறந்துவிடுவேன். ஈரம் அறையிலேயே எது அதிகக் குளிரோ அதைத் தேடிப் போய் உட்காரும். தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, பதினோரு வாரம்.

கேமராவை மெல்ல அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தோம். மைனஸ் 100 தாண்டிய கொஞ்ச நேரத்தில் அழுத்தமானியின் எண் ஏற ஆரம்பித்தது. ஒரு மேடு போல ஏறி, நின்று, பிறகு இறங்கியது. என் பதினோரு வாரத்துச் சோம்பேறித்தனம் ஆவியாகப் பம்பு வழியாகப் போவதை நின்று பார்த்தேன். லேசர் நண்பரும் பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. டீக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார், காசு நான்தான் கொடுத்தேன்.

மறுநாள் ஐந்து கல்லும் ஜனவரி எண்ணுக்குத் திரும்பின. ஆறுதலுக்குச் சந்திரா விண்தொலைநோக்கியை நினைத்துக்கொண்டேன். நம் சந்திரசேகர் பெயரில் 1999இல் மேலே போனது. அதிலும் கேமராவின் முன்னால் இருக்கும் மெல்லிய வடிகட்டியின் மேல் கார்பன் மிகுந்த ஒரு படலம் வருஷக்கணக்காகப் படிந்துகொண்டே வருகிறது, தாழ்ந்த ஆற்றல் எக்ஸ் கதிர்களை விழுங்குகிறது. அதைத் துடைக்க அங்கே யாரும் போக முடியாது. ஆனால் அவர்கள் அதை அளந்து திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். பச்சை மையில் டிக் அடித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடவில்லை.

இதெல்லாம் ஏப்ரல் கதை. ஜூனில் ஊருக்கு வந்த மூன்றாவது நாள், ஒரு மண்டிக்காரர் 300 கிலோ பிளாட்பார்மை டெம்போவிலிருந்து இறக்கினார். "அண்ணா, வெளிய ஒரு எடை, என்கிட்ட ஒரு எடைன்னு விவசாயிங்க சண்டைக்கு வர்றாங்க. நான் வெச்சுப் பாத்தேன், சரியாத்தான் காட்டுது." அப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார். பூஜ்யம் சரி. நடுவில் 20, சரி. நடுவில் 100, சரி. கல் தூக்க நான். முதல் மூலை சரி, இரண்டாவது, மூன்றாவது சரி. நான்காவது மூலையில் 20 கிலோ கல் 19.2 காட்டியது.

அப்பா மேல்தட்டைக் கழற்றினார். அந்த மூலையில் சட்டத்துக்கும் அடிப்பலகைக்கும் நடுவே காய்ந்து கல்லாகிப்போன ஒரு மாங்கொட்டை. நடுவில் பாரம் ஏற்றினால் சட்டம் அதைத் தொடாது. அந்த மூலையில் ஏற்றினால் மட்டும் இறங்கி அதன் மேல் உட்காரும், பாரத்தில் ஒரு பங்கைக் கொட்டை சுமந்துகொள்ளும், லோட் செல்லுக்குப் போய்ச் சேராது. நான் சிரித்துவிட்டேன். மண்டிக்காரர் முகம் சுருங்கியது. அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

சாயங்காலம் நிப்பட்டும் டீயுமாக உட்கார்ந்தபோது அப்பாவிடம் பனிக்கட்டிக் கதையைச் சொன்னேன். விளிம்பு, சுவர் எல்லாம் தலையாட்டிக் கேட்டார். ஒரே கல்லை வைத்துப் பதினோரு வாரம் ஓட்டினேன் என்றதும் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். பிறகு கேட்டார்:

"அந்தப் பதினோரு வாரத்துக் கணக்க என்ன பண்ணின?"

"கடைசியில எவ்வளவு பனின்னு தெரியும்ப்பா. வாரத்துக்கு இவ்வளவுன்னு பங்கு போட்டுத் திருத்தலாம்னு பாத்தோம்."

"வாரா வாரம் ஒரே மாதிரிதான் ஏறுச்சுன்னு உனக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. இதே கேள்வியை லேசர் நண்பரும் கேட்டிருந்தார். அந்த இரும்பு எண்களை எல்லாம் எடுத்துப் போட்டோம் என்றேன். ஒரு கருத்தரங்கில் ஏற்கெனவே காட்டிவிட்ட படத்துக்கு, தப்பு என்று கடிதம் எழுதினோம் என்றேன். அப்பா நிப்பட்டை உடைத்து டீயில் நனைத்தார். "அந்த மண்டியில போய் எவன்கிட்ட சொல்றது. எவன் கூடை அந்த மூலையில நின்னுச்சோ."

பேச்சை மாற்ற நினைத்து, கிலோ மாறிவிட்ட சேதியைச் சொன்னேன். 2019 மே 20 முதல் கிலோவுக்கு என்று ஒரு கல் கிடையாது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் அதுவரை உலகத்துக்கே மூலக்கல். அதன் 57ஆம் நகல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. இப்போது கிலோவைக் கட்டிவைத்திருப்பது பிளாங்க் மாறிலி என்ற ஓர் எண். நான் அலைநீளத்தை எலக்ட்ரான் வோல்ட்டாக மாற்றும்போது போடும் கணக்கிலும் அதே எண்தான் உட்கார்ந்திருக்கிறது.

"அப்ப மூலக்கல்லே இல்லையா இப்ப?"

"இல்லப்பா. எண்ணுதான்."

வாசலில் வரிசையாக நின்ற கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எண்ணுக்குத் துரு பிடிக்காது" என்றவர், எழுந்து போய் அந்த மாங்கொட்டையைத் தேடி எடுத்து, மேசை டிராயருக்குள் போட்டு வைத்தார். மண்டிக்காரர் தராசு எடுக்க வரும்போது கையில் கொடுப்பாராம்.

லீவு முடிந்து திரும்பியதும் நடு வால்வின் மேல் ஒரு சீட்டு ஒட்டினேன். "பம்ப் முழுசா இறங்கட்டும். பஸ் போனா போகட்டும்." எனக்காக எழுதியது, அதனால் தமிழில். எங்கள் ஆய்வகத்தில் வேறு யாருக்கும் தமிழ் வாசிக்க வராது. புதிதாகச் சேர்ந்த மாணவன் அதை இரண்டு நாள் பார்த்துவிட்டு, இது மந்திரமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். இப்போது அவன் வால்வைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அதன் முன் நிற்கிறான். அந்த ஒரு நிமிஷத்தில் அழுத்தமானியையும் பார்த்துக்கொள்கிறான்.